பழைய வெடிமருந்து டப்பா சேகரிக்க வருபவர்களுக்கு

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை அமெரிக்காவின் துப்பாக்கிப் பிரியர்கள் பலர் தூக்கி எறிவதில்லை. அதைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, அடியில் பிரைமர் எனப்படும், அடிபட்டால் பொறி தரும் புதிய சிறு மூடியைப் பதித்து, அளந்த வெடிமருந்தை ஊற்றி, வாயில் குண்டைச் செருகி மறுபடியும் தோட்டாவாக்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. ரீலோடிங் எனப்படும் இந்தப் பொழுதுபோக்கில் நாற்பது, ஐம்பது ஆண்டுகளைக் கழித்த ஒருவர் மறைந்ததும், அவருடைய நிலவறை அலமாரியில் இருந்தவை அனைத்தும் வீட்டு வாசல் விற்பனையான கராஜ் சேலின் மேசைக்கும், துப்பாக்கிச் சந்தையான கன் ஷோவுக்கும் வந்து சேர்கின்றன. அவற்றில் சுடுவதில் அக்கறையே இல்லாதவரையும் நிறுத்திப் பார்க்க வைப்பவை பழைய மருந்து டப்பாக்கள்தாம்.

நானும் டப்பாவின் அழகுக்காகவே இதற்குள் வந்தவன். டெலவேரில் குடியேறிய புதிதில், தெருமுனையில் நடந்த ஒரு கராஜ் சேலில், சிவப்பு நீள்வட்டத்தில் நிறுவனப் பெயர் அச்சிட்ட தகர டப்பாக்கள் ஏழினைப் பேரம் பேசி வாங்கிக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு, ஜூலை மாத வெயிலில் வேறு இரண்டு கடைகளுக்கும் போய்விட்டு வீடு வந்தேன். இறக்கி வைக்கும்போதுதான் ஏழில் ஒன்று கனமாக இருப்பதையும், அசைத்தால் உள்ளே மணல் போல எதுவோ சரிவதையும் கவனித்தேன். அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் அந்த டப்பாவைப் பற்றி மட்டுமே பேசும், உள்ளே இருப்பதைப் பற்றி அது எந்த உறுதியும் தராது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதிலிருந்தே வந்துவிடும்.

இதில் சொல்லப்படுபவை அமெரிக்கச் சட்டத்தையும் வழக்கத்தையும் ஒட்டியவை. இந்தியாவில் உரிமமின்றி வெடிமருந்து வைத்திருப்பதே குற்றம் என்பதால், ஊரில் இருந்து படிப்பவர்கள் இதைப் பழம்பொருள் பற்றிய விவரமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தூக்கிப் பாருங்கள், திறக்காதீர்கள்

விற்பனை மேசையில் டப்பாவைக் கண்டவுடன் மூடியைத் திருகத் தோன்றும். அதைச் செய்யாமல் டப்பாவைத் தூக்கி எடையைக் கையால் உணர்ந்து, மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பவுண்டு மருந்து பிடிக்கும் தகர டப்பா காலியாக இருந்தால் கையில் இருப்பதே தெரியாது. ஏதாவது சரிந்தால் விற்பவரிடம் அது எங்கே இருந்தது, யாருடையது என்று கேளுங்கள். கணவரோ தந்தையோ விட்டுப் போனதை விற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. தெரியாது என்று அவர்கள் சொல்வதும் நமக்கு ஒரு தகவல்தான். மருந்து இருக்கும் டப்பா வேண்டாம், காலியானது மட்டும் போதும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது புதியவர்களுக்கு நல்லது.

எந்த மருந்து என்பதைப் பிரித்தறிதல்

பழைய டப்பாக்களில் இரண்டு வகை மருந்துகள் இருந்தன. இரண்டும் வேறு வேறு குணம் கொண்டவை என்பதால் ஒன்றுக்குச் சொன்ன எச்சரிக்கை மற்றதற்குப் பொருந்தாது.

ஒன்று கருமருந்து. வெடியுப்பு முக்கால் பங்கும், கரியும் கந்தகமும் மீதிப் பங்குமாகச் சேர்ந்த இந்தக் கலவை நம் ஊர்த் திருவிழா வாணத்தில் இருப்பதன் உறவுதான். ஈரம் படாமல் இருந்தால் இது எத்தனை ஆண்டானாலும் கெடாது, நூறாண்டு கழித்தும் முதல் நாள் போலவே பற்றிக்கொள்ளும். பழைய டப்பாவில் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதற்குக் காரணமே அதுதான். சிறு பொறி, உரசல், உடைகளில் சேரும் மின்னேற்றம் எதையும் இதனிடம் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. லேபிளில் எஃப் என்ற எழுத்து ஒன்றோ இரண்டோ மூன்றோ அடுத்தடுத்து அச்சாகி, அதன் பின்னால் ஜி என்று இருந்தால் அது கருமருந்துக்கான டப்பா. எஃப் கூடக் கூட மருந்தின் மணி சிறிதாகும்.

மற்றது புகையில்லா மருந்து. 1884-இல் பிரான்சின் பால் வியேய், அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சான நைட்ரோசெல்லுலோஸைக் கொண்டு செய்து காட்டிய பின், இது சில ஆண்டுகளுக்குள் படைகள் எல்லாவற்றின் துப்பாக்கிகளிலும் கருமருந்தின் இடத்தைப் பிடித்தது. பிரிட்டன் எடுத்துக்கொண்ட வடிவத்துக்குக் கார்டைட் என்று பெயர். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் அருவங்காட்டில் நிற்கும்போது கண்ணில் படுகிற தொழிற்சாலை, அந்தக் கார்டைட்டுக்காக 1903-இல் நிறுவப்பட்டதுதான். புகையில்லா மருந்து செதிலாகவோ, நறுக்கிய குச்சியாகவோ, சிறு உருண்டையாகவோ இருக்கும். திறந்த வெளியில் இது வெடிக்காமல் வேகமாக எரியும். ஆனால் கருமருந்தைப் போல இது நிலையான பொருள் அன்று. பிறந்த நாள் முதலே மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும்.

லேபிளைக் கொண்டு காலம் கணிப்பது

சேகரிப்பின் சுவையே இங்கேதான் இருக்கிறது. டப்பாவில் ஆண்டு அச்சாகியிருப்பது அரிது என்பதால், நிறுவனத்தின் பெயர், சின்னம், முகவரி ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றங்களைக் கொண்டு நாமே ஆண்டைச் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க மருந்து டப்பாக்களில் பெரும்பாலானவற்றின் வேர் நான் வசிக்கும் வில்மிங்டன் நகரத்தை ஒட்டி ஓடும் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1802-இல் இ. ஐ. டூபான்ட் அங்கே மருந்து ஆலையைத் தொடங்கினார். 1921-இல் மூடப்பட்ட அந்த ஆலைகள் இன்று ஹாக்லி அருங்காட்சியகமாக இருக்கின்றன. அங்கே போனால் மூன்று பக்கம் கோட்டைச் சுவர் போலத் தடித்த கல்லும், ஆற்றைப் பார்த்த நான்காம் பக்கம் இலேசான சுவருமாகக் கட்டிய ஆலைக் கட்டடங்களைப் பார்க்கலாம். வெடித்தால் பக்கத்துக் கட்டடத்தை விட்டுவிட்டு ஆற்றுப் பக்கமாக வெடித்துப் போகட்டும் என்ற கணக்கு அது. மருந்து டப்பாவைக் கையில் எடுக்கிற எவரும் ஒரு முறை அந்தச் சுவரின் தடிமனைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

டூபான்ட் பெயரின் முடிவில் ‘பவுடர் கம்பெனி’ என்று இருந்தால் அந்த லேபிள் 1903 முதல் 1915 வரையிலான காலத்தைச் சேர்ந்தது எனக் கொள்ளலாம். 1915-க்குப் பின் ‘பவுடர்’ என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது. நீள்வட்டச் சின்னம் 1907-ஐ ஒட்டி வந்தது. அடுத்ததாக 1912-ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்துத் தொழில் முழுவதையும் ஒரே கையில் வைத்திருந்ததற்காக நீதிமன்றம் அந்த ஆண்டில் டூபான்ட்டைப் பிரித்துவிட, ஹெர்குலிஸ், அட்லஸ் என்ற இரண்டு புதிய நிறுவனங்கள் பிறந்தன. ஆகவே தடியேந்திய கிரேக்க வீரனின் படமுள்ள ஹெர்குலிஸ் டப்பா எதுவும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ‘ஹெர்குலிஸ் பவுடர் கம்பெனி’ 1966-இல் ‘ஹெர்குலிஸ் இன்கார்ப்பரேட்டட்’ ஆயிற்று. 1995-இல் அந்த மருந்துத் தொழில் அலையன்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. லாஃப்லின் அண்ட் ராண்ட் நிறுவனத்தார் 1898-இல் வெளியிட்ட ‘புல்ஸ்ஐ’ என்ற கைத்துப்பாக்கி மருந்து இந்தக் கைமாற்றங்கள் அனைத்தையும் தாண்டி இன்றும் அதே பெயரில் விற்கிறது என்பதால், புல்ஸ்ஐ டப்பாக்களை மட்டும் வரிசையாக அடுக்கினாலே இந்தத் தொழிலின் வரலாறு அலமாரியில் நின்றுவிடும். புதியவர்கள் இந்த ஒரு மருந்தின் டப்பாக்களோடு தொடங்குவது கைக்கும் பைக்கும் ஏற்றது.

முகவரியையும் படியுங்கள். நகரத்தின் பெயருக்கும் மாநிலத்தின் பெயருக்கும் நடுவே ஒன்றிரண்டு இலக்க எண் இருந்தால் அது 1943 முதல் 1963 வரை நடப்பில் இருந்த அஞ்சல் மண்டல எண். ஐந்து இலக்க ஜிப் எண் 1963-இல் வந்தது. பட்டைக் குறியீடு இருந்தால் 1974-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. இவை எல்லாம் ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டுமே சொல்லும். பழைய லேபிள் கட்டு தீரும்வரை நிறுவனங்கள் அதையே ஒட்டிக்கொண்டிருந்ததால் ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்று எதுவும் சொல்லாது. விற்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விலை சொல்வது வழக்கம்.

டப்பாவின் உடலும் பேசும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கருமருந்து டப்பா ஈயப்பற்று வைத்த தகரத்தில், தட்டையாகவும் தோள் சரிந்தும் இருக்கும். மேலே வேட்டை நாயோ பறக்கும் வாத்தோ அச்சிட்ட காகிதம் ஒட்டியிருக்கும். அதற்கு மேற்பட்ட அளவு 25 பவுண்டுப் பீப்பாயிலும், அதில் பாதியான 12½, கால் பங்கான 6¼ பவுண்டுப் பீப்பாய்களிலும் போயிற்று. பின்னால் தகரத்தின் மேலேயே வண்ணம் அச்சிட்ட டப்பாக்களும், பிறகு தகர அடியும் மூடியும் வைத்த அட்டை உருளைகளும், கடைசியில் பிளாஸ்டிக்கும் வந்தன. போலிகளில் பெரும்பாலானவை பழைய டப்பாவின் மேல் புதிதாக அச்சிட்ட காகிதம் ஒட்டியவையே. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் வீட்டு அச்சு இயந்திரத்தின் சிதறிய மைப்புள்ளிகள் தெரிந்துவிடும். துருப்பிடித்த டப்பாவின் மேல் கறையே படாத லேபிள் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

உள்ளே மருந்து இருந்தால்

வேண்டாம் என்று சொல்லியும் ஒரு நாள் மருந்துள்ள டப்பா வந்து சேரும். முதல் வேலையாக அதை வீட்டுக்கு வெளியே, நிழலில், அடுப்பு, சிகரெட், மின்கருவி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

கருமருந்துக்கான டப்பாவாக இருந்து மூடி இறுகிக் கிடந்தால் குறடு போட்டுத் திருகவே கூடாது. திருகு மரைகளுக்குள் மருந்து மணிகள் சிக்கியிருக்கலாம். துருவும் தகரமும் அவற்றுக்கு நடுவில் உரசும். சுத்தியலால் தட்டுவது, சூடு காட்டுவது, ஓட்டை போடுவது எல்லாம் விபத்தை அழைக்கும் வேலைகள். அப்படியே வைத்துவிட்டு, அவசர எண்ணை விடுத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் பொது எண்ணுக்குப் பேசுங்கள். அவர்கள் இது போன்றவற்றை அடிக்கடி பார்க்கிறவர்கள், உங்களைக் குற்றவாளியாக நடத்த மாட்டார்கள்.

புகையில்லா மருந்துக்கான டப்பாவின் மூடி எளிதாகத் திறந்தால், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கையால் காற்றை மூக்கின் பக்கம் வீசி முகர வேண்டும். நல்ல மருந்தில் ஈதரையும் நகப்பூச்சு நீக்கியையும் நினைவூட்டும் ஒரு கரைப்பான் மணம் இருக்கும். கெட்ட மருந்தின் நெடி காடியைப் போலவோ அமிலத்தைப் போலவோ மூக்கைச் சுடும். பிறகு வெயில் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் கொட்டிப் பாருங்கள். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், பளபளப்பான சாம்பல் கருமையில் தனித்தனியே உருள வேண்டும். கட்டிகட்டியாக விழுந்தாலும், செந்தூள் கலந்து வந்தாலும், தகரத்தின் உட்புறம் அரித்திருந்தாலும் அந்த மருந்தின் ஆயுள் முடிந்துவிட்டது. நான் வாங்கிய அந்த ஏழாவது டப்பாவின் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தபோது செங்கற்பொடியை ஈரத்தில் அப்பியது போல ஒரு படலம் இருந்தது. மூடியை எடுத்த விரல்களில் அந்த நெடி மாலைவரை போகவில்லை. டப்பாவிலிருந்து செம்பழுப்புப் புகை எழுவதைக் கண்டாலோ, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தாலோ மேற்கொண்டு ஆராயாமல் விலகிப்போய்த் தீயணைப்பு நிலையத்தை உடனே அழைக்க வேண்டும்.

செந்தூள் வெறும் ஈரத்தால் வந்த தகரத் துருவாகவும் இருக்கலாம் அல்லவா என்று அனுபவசாலிகள் வாதிடுவார்கள். இருக்கலாம். ஆனால் துருவையும் சிதைவையும் கண்ணால் பிரித்தறிய ஒரு புதியவருக்கு எந்தத் தேவையும் இல்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நைட்ரோசெல்லுலோஸ் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிவருகின்றன, அவை மீதியுள்ள மருந்தின் சிதைவை இன்னும் விரைவாக்குகின்றன. இந்தச் சுழலைத் தடுக்க, ஆக்சைடுகளை உறிஞ்சிக்கொள்ளும் டைஃபீனைலமைன் போன்ற நிலைப்படுத்தியைத் தயாரிக்கும்போதே சிறிதளவு சேர்க்கிறார்கள். அது தீர்ந்துபோன பிறகு தடுக்க ஒன்றும் இல்லை. வெப்பம் பெருகினால் தானே பற்றிக்கொள்ளவும் கூடும். பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1907-இல் இயேனா, 1911-இல் லிபெர்டே என்ற இரண்டு போர்க்கப்பல்கள் வெடித்துச் சிதறியதற்குச் சிதைந்த புகையில்லா மருந்தே காரணமாகச் சொல்லப்பட்டது. வெயிலில் கொதிக்கும் பரணும் கராஜும் இந்தச் சிதைவை வேகப்படுத்தும். குளிர்ந்த, உலர்ந்த நிலவறையில் இருந்தவை பல பத்தாண்டுகள் தாங்கும்.

நன்றாக இருக்கிறதே, சுடலாமா?

மணமும் நிறமும் சரியாக இருந்தால் மருந்து வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். முத்திரை உடையாத, வந்த வழி தெரிந்த டப்பாவை, அதே காலத்து அளவு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பயன்படுத்துகிற மூத்தவர்கள் உண்டு. புதியவர் அதைச் செய்யக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, டப்பா ஒரு முறை திறக்கப்பட்டுவிட்டால் உள்ளே இருப்பது லேபிள் சொல்வதுதானா என்பதற்குச் சாட்சி இல்லை. மிச்ச மருந்தைக் கையில் கிடைத்த டப்பாவில் கொட்டி வைப்பதும், சிலர் இரண்டு மருந்துகளின் மிச்சத்தைக் கலந்து வைப்பதும் பழைய பட்டறைகளில் நடந்தவைதாம். ‘ரெட் டாட்’ என்ற மருந்தில் சிவப்புச் செதில்கள் ஆங்காங்கே கலந்திருக்கும் என்பதால் அதைப் பார்த்தால் தெரியும். சாம்பல் நிறக் குச்சி மணிகளை மட்டும் வைத்து எந்த மருந்து என்று சொல்ல எவராலும் முடியாது.

இரண்டாவது, பெயர் மாறாமல் பொருள் மாறியிருக்கும். இதற்கு நல்ல உதாரணம் 4831. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கான்சாஸ் மாநிலத்தின் புரூஸ் ஹாஜ்டன், அரசு வேண்டாமென்று கழித்த மருந்தை வாங்கி ரீலோடிங் செய்கிறவர்களுக்கு மலிவாக விற்கத் தொடங்கினார். அதில் 20 மில்லிமீட்டர் பீரங்கிக்காகச் செய்த 4831-உம் ஒன்று. அந்த இருப்பு தீர்ந்தபின் ஹாஜ்டன் பெயரில் புதிதாகச் செய்த 4831 வந்தது; 1970-களில் டூபான்ட்டும் ஐஎம்ஆர் 4831 என்ற ஒன்றை வெளியிட்டது. எண் ஒன்றே ஆனாலும் டூபான்ட்டின் மருந்து ஹாஜ்டனுடையதைவிட வேகமாக எரியும். ஒன்றுக்கான அளவை மற்றதற்குப் போட்டால் துப்பாக்கியின் அறைக்குள் அழுத்தம் எல்லை மீறும்.

மூன்றாவது, அளக்கும் முறையே வேறாக இருந்த காலம் ஒன்று உண்டு. கருமருந்திலிருந்து மாறிய தலைமுறைக்காக, அதே கிண்ணத்தால் அளந்து போடத்தக்க ‘பல்க்’ வகைப் புகையில்லா மருந்தைச் செய்தார்கள். அதே காலத்தில் ‘பாலிஸ்டைட்’, ‘இன்ஃபாலிபிள்’ போன்ற அடர்ந்த வகைகளும் வந்தன. இவற்றை எடை போட்டு மிகக் குறைவாகவே இட வேண்டும். கிண்ணப் பழக்கத்தில் அடர்ந்த மருந்தை அள்ளிப் போட்டவர்களின் துப்பாக்கிகள் கையிலேயே வெடித்தன. இரண்டு வகை டப்பாக்களும் இன்று பழம்பொருள் மேசையில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகவே கிடக்கின்றன.

மருந்தை அகற்றுவது

கருமருந்தைத் தண்ணீர் அடக்கும். நிறையத் தண்ணீரில் ஊறவிட்டால் வெடியுப்பு கரைந்து பிரிந்துவிடும். ஆனால் வடிகட்டிய சக்கையை உலர விட்டால் அதுவும் தீப்பற்றும் என்பதை மறக்கக் கூடாது. புகையில்லா மருந்துக்கு இந்த வழி உதவாது, அது தண்ணீரில் கரையாது. அதைக் குப்பைத் தொட்டியிலோ சாக்கடையிலோ போடுவது கண்டிப்பாகத் தவறு.

துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்கள் 1926-இல் அமைத்த நிறுவனம் ஒன்று பாதுகாப்பு வழிமுறைகளை வெளியிட்டு வருகிறது. அதன் சுருக்கப் பெயரின் எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் (SAAMI) நமக்குச் ‘சாமி’ என்றே வரும். சாமி காட்டும் வழி இது: ஒதுக்குப்புறமான வெளியிடத்தில், ஒரு அங்குலத்துக்கு மேல் தடிக்காமல் மருந்தைப் பரப்பி, ஒரு தடவைக்கு ஒரு பவுண்டைத் தாண்டாமல், மெதுவாக எரியும் பொருளால் ஒரு பாதை இட்டுத் தூரத்திலிருந்து பற்றவைத்து எரித்துவிடுவது. ஆனால் புறநகர் வீட்டின் பின்முற்றம் ஒதுக்குப்புறம் அன்று. பல ஊர்களில் திறந்தவெளியில் எரிப்பதற்கே தடை உண்டு. நைட்ரஜன் இருக்கிறது, உரமாகும் என்று புல்வெளியில் மெல்லத் தூவிவிடுகிறவர்களும் உண்டு. நாயோ குழந்தையோ உள்ள வீட்டில் எனக்கு அதில் சம்மதமில்லை. நான் தீயணைப்பு நிலையத்திடம் கேட்டு, அவர்கள் சொன்ன நாளில் ஒப்படைத்தேன். கால் மணி நேர வேலை, காசும் கேட்கவில்லை.

டப்பாவோடு வரும் மற்றவை

பெட்டியாக வாங்கும்போது பிரைமர், கூடு, குண்டு, பழைய கருவி எல்லாம் சேர்ந்தே வரும். இவற்றில் பிரைமர்தான் கவனம் கேட்பது. அந்தக் காலத்துப் பிரைமர் பெட்டிகளில் மெல்லிய மரச்சட்டங்களின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கும். பெட்டி அழகு என்பதால் அதற்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. அடுக்கு குலையாமல் இருந்தால் அப்படியே விடலாம். யாராவது பிரைமர்களைக் கொத்தாகக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்திருந்தால் அதைக் குலுக்காமல், கொட்டாமல், தீயணைப்பு நிலையத்திடம் சொல்லிவிடுங்கள். ஒன்று வெடித்தால் குப்பியில் உள்ள அத்தனையும் சேர்ந்து வெடிக்கும், கண்ணாடி சில்லுகளாகப் பறக்கும். எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்ற நம்பிக்கையும் நம்பத்தக்கதன்று.

பழைய பிரைமர்களில் பாதரசக் கூட்டுப்பொருள் இருந்தால் அது பித்தளைக் கூட்டை உள்ளிருந்தே நொறுங்கத்தக்கதாக்கும். பொட்டாசியம் குளோரேட் இருந்தால் சுட்டபின் குழலில் உப்புப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். கூடுகளில் இன்னொரு சோதனை உண்டு. பழைய கூட்டின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: அடியில் பிரைமர் பள்ளம் ஒரு மேடாக உள்ளே எழும்பி, அதைச் சுற்றி ஓர் அகழி ஓடினால் அது ‘பலூன் ஹெட்’ எனப்படும் பழைய பலவீனமான கூடு. அதைத் தட்டில் வைத்துப் பார்க்கலாமே தவிர நிரப்பக் கூடாது. ஈயக் குண்டின் மேல் வெண்பொடி பூத்திருந்தால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், அது ஈயத்தின் நஞ்சு. மருந்தளக்கும் கருவியின் புனலில் எவ்வளவு பழைய மருந்து மிஞ்சியிருந்தாலும் அதைப் பெயரில்லாத மருந்தாகவே நடத்துங்கள். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்தைப் பல நாள் விட்டு வைத்தால் பிளாஸ்டிக் புனலே அரித்து மங்கிப்போயிருக்கும்.

காலி டப்பாவைப் பேணுவதும் அனுப்புவதும்

வெளிப்புறத் தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். தகரத்தின் மேல் அச்சான வண்ணத்தை லேசாக ஈரம் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். காகித லேபிளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆகாது. உப்புத்தாள், கம்பிநார், பளபளப்பாக்கும் பசை எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். நூறாண்டு நிறத்தை ஐந்து நிமிடத்தில் தேய்த்துவிட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மணிகளைத் தாளின் மேல் தட்டிக் கொட்டி, மடிப்புகளை மரக்குச்சியால் வழித்து எடுக்க வேண்டும். சன்னலோர வெயில் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் தின்னும்.

அழகாக இருக்கிறதே என்று இன்றைய மருந்தைப் பழைய டப்பாவில் மாற்றி வைப்பது, இந்தக் கட்டுரை எதை எதிர்த்து எழுதப்பட்டதோ அதே தவறு. மருந்து அது விற்கப்பட்ட கலத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்ட விதியும்கூட. பல மாநிலங்கள் பின்பற்றும் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்பு, வீட்டில் 20 பவுண்டுவரை புகையில்லா மருந்தை அதன் சொந்தக் கலத்தில் வைக்க அனுமதிக்கிறது. பிரைமருக்கு எல்லை 10,000. ஊருக்கு ஊர் இது குறையலாம் என்பதால் உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தையும் பிரைமரையும் அமெரிக்க அஞ்சல் துறை ஏற்காது. விமானத்தில் கைப்பையிலும் சரி, ஒப்படைக்கும் பெட்டியிலும் சரி, அவற்றுக்கு இடமில்லை. நன்றாகத் துடைத்த காலி டப்பாவை அஞ்சலில் அனுப்பலாம்; ஆனால் ஊருக்குப் போகும்போது மாமாவுக்குக் காட்டலாம் என்று அதைப் பெட்டியில் வைத்துக்கொள்ளாதீர்கள். தகர மடிப்பில் ஒளிந்த ஒரு மணி போதும், விமான நிலையத்தில் வெடிபொருள் தடத்தைத் தேடும் கருவி கூச்சலிட. அதற்குப் பிறகு அது நூறாண்டுப் பழம்பொருள் என்று விளக்கிக்கொண்டிருந்தால் விமானம் போய்விடும்.

கடைசியாக, ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் ஒரு சிறு அட்டை போட்டு வையுங்கள்: எங்கே, எந்த நாளில் வாங்கியது, லேபிளைக் கொண்டு கணித்த காலம், உள்ளே இருந்ததை என்ன செய்தீர்கள் என்ற விவரம். என் அட்டைகளின் தலைப்பில் ‘காலி, பார்த்தாயிற்று’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கும். என் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும் என்றாலும், ‘காலி’யை வாசித்துவிடுகிறார்கள்.